மூன்றடி வலது, ஓரடி இடது

சட்டையின் இடது தோளில், தையலுக்குப் பின்னால், துணி நைந்திருந்தது.

தையல்காரி அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பழைய துணி திருத்துவதுதான் அவள் பிழைப்பு. வீட்டின் முன்னறையில் ஒரு மெஷின், ஒரு இஸ்திரிப் பலகை, ஒரு ஆளுயரக் கண்ணாடி. ஊரார் உடம்பில் எது எங்கே தேயும் என்பது அவளுக்கு அத்துப்படி. காலர் தாடியால் நையும். முழங்கை மேசையால் நையும். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குக் கால்சட்டையின் பின்புறம் பல்லிளிக்கும். பை மாட்டுகிறவர்களுக்குத் தோளின் உச்சியில் நேர்க்கோடாகத் தேயும். இது நேர்க்கோடு இல்லை. கணவன் பை மாட்டுகிறவனும் இல்லை.

டேப்பை எடுத்து அளந்தாள். தையலிலிருந்து இரண்டு விரல் கீழே நான்கு பட்டைகள், பக்கவாட்டில். மேலே ஒரு சிறு வட்டம். தன் வலது கையை அதன்மேல் வைத்தாள். பட்டைகளில் விரல்கள் உட்கார்ந்தன. வட்டத்தில் கட்டைவிரல் உட்கார்ந்தது. அடையாளம் அவள் கையைவிடக் கொஞ்சம் பெரிது. நைந்த துணி பரவத்தான் செய்யும் என்று அதற்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

கணவனுக்கு மர வேலை. மண்வெட்டிக்கும் கோடரிக்கும் விளக்குமாற்றுக்கும் கைப்பிடி கடைவான். வாரம் முழுக்கக் கொல்லைக் கொட்டகையில் கடைசல், சனிக்கிழமை சந்தையில் கடை. நைந்தது நீல நிறச் சனிக்கிழமைச் சட்டை. மற்ற சட்டைகளில் ஒன்றுமில்லை. மூன்று முறை பார்த்துவிட்டாள்.

மாடியிலிருந்து நாத்தனார் தேநீர்க் கோப்பையோடு இறங்கி வந்தாள்.

"என்ன அண்ணி, சட்டையை முறைச்சிக்கிட்டிருக்கீங்க? அது என்ன பாவம் பண்ணிச்சு?"

"உன் கையை வை இதுல."

நாத்தனார் வைத்தாள். பிறகு எடுத்துக்கொண்டாள்.

"கை மாதிரியில்ல இருக்கு."

"கைதான். பக்கத்துல உக்காந்து தோள்ல கை போட்டிருக்கா. ஒரு நாள் ரெண்டு நாள் போட்டா இப்படித் தேயாது. வருஷக்கணக்கா போட்டிருக்கா."

நாத்தனார் சிரித்ததில் தேநீர் தளும்பியது. "எங்கண்ணனா? போங்க அண்ணி. உங்களை முதல் தடவை பாத்துட்டு வந்தப்போ பொண்ணு எப்படிடான்னு கேட்டோம். அவங்க வீட்டுக் கதவு நல்ல மரம்னு சொன்னான்."

"அது அப்போ."

"இப்ப மட்டும் என்ன? பெஞ்சுல உக்காந்தா ரெண்டு நிமிஷத்துல குறட்டை. எவ கை போடுவா? போட்டாலும் எழுப்பத்தான் போட்டிருப்பா."

"விளையாடாதே."

நாத்தனார் கோப்பையைக் கீழே வைத்தாள். "சரி, நேரா கேட்டுருங்களேன்."

"கேட்டா என்ன சொல்வாரு?"

நாத்தனார் கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணும் சொல்ல மாட்டான். தப்பு பண்ணியிருந்தாலும் சொல்ல மாட்டான், பண்ணலேன்னாலும் சொல்ல மாட்டான்."

அது உண்மை. பத்தொன்பது வருடத்தில் அவள் அவனைக் கேட்டுத் தெரிந்துகொண்டது குறைவு. பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். இதையும் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். பார்த்த பின் என்ன செய்வது என்பதையும் அப்போதே முடிவு செய்துகொண்டாள். உண்மையாக இருந்தால் மெஷினைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவது. வீடு அவனுடையது. மெஷின் அவளுடையது.

சட்டையைத் துவைத்து மடித்து, ஒன்றும் தெரியாதவள்போல் அலமாரியில் வைத்தாள்.

*

சனிக்கிழமை விடியுமுன் அவன் வண்டியில் பிடிகளை ஏற்றிக்கொண்டு போனான். அவள் ஒன்பதரை மணிப் பேருந்தில் போனாள். யாராவது கேட்டால் சொல்வதற்குப் பட்டன் வாங்கும் காரணம் ஒன்று கையில் இருந்தது.

இலை உதிர்கிற மாதம். சந்தைக்குக் கூரை கிடையாது. கல் பாவிய திடலில் நாலு வரிசைக் கடைகள். ஈரச் சாக்கு வாடை. பூசணிக்காய்கள் தரையிலேயே கிடந்தன. ஆப்பிள் பெட்டிகளுக்குள் மரத்து இலைகள் விழுந்துகொண்டிருந்தன, ஒருவரும் எடுத்துப் போடவில்லை. எல்லோரும் பேசும்போது வாயில் புகை வந்தது.

அவன் கடை மூன்றாவது வரிசையில் இருந்தது. பீப்பாய்களில் பிடிகள் நட்டு வைக்கப்பட்டிருந்தன. அவன் இல்லை. பக்கத்துக் கடையில் உருளைக்கிழங்கு மூட்டைகள் இருந்தன, ஆள் இல்லை. எதிரே மீன்கடையில் பனிக்கட்டியும் மீனும் இருந்தன, ஆள் இல்லை. அந்த வரிசை முழுக்கக் கடைக்காரர் ஒருவர்கூட இல்லை. வாங்க வந்தவர்கள் மட்டும் பையோடு நின்றிருந்தார்கள். யாரும் கோபமாக இல்லை.

"எல்லாரும் எங்க போயிட்டாங்க?" என்று ஒரு பெரியவரைக் கேட்டாள். அவர் ஒரு முட்டைக்கோசைக் குழந்தைபோல் இடுப்பில் வைத்திருந்தார்.

"ஆடப் போயிருக்காங்க. கால் மணி நேரம் ஆகும். காய் பொறுக்கலாம், காசு கொடுக்க முடியாது. எடுத்துட்டு ஓடலாம், ஆனா இந்த முட்டியை வச்சுக்கிட்டு நான் எங்க ஓடறது?"

"ஆடவா?"

"காலையில நாலு மணியிலேருந்து கல்லு மேல நிக்கிறாங்கம்மா. கால் விறைச்சுப் போகுமில்ல? குளிர் ஆரம்பிச்சா ஆட்டமும் ஆரம்பிச்சிடும். அந்தப் பக்கம் போங்க, சத்தம் கேக்கும்."

கேட்டது.

திடலின் நடுவில் காலிப் பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். அதன் அருகில் சாணை பிடிப்பவர் அக்கார்டியன் வாசித்தார். ஒரு பெண் பிளாஸ்டிக் டிரம்மைக் கவிழ்த்துப்போட்டு அடித்தாள். சுற்றி வளையமாக முப்பது நாற்பது பேர். கறிக்கடை ஏப்ரன், ரப்பர் பூட்ஸ், மூன்று ஸ்வெட்டர் போட்ட உடம்புகள். ஒவ்வொருவரும் இரண்டு கையையும் இரு பக்கத்து ஆள் தோளிலும் போட்டிருந்தார்கள். வலப்பக்கம் மூன்றடி, இடப்பக்கம் ஓரடி, பிறகு ஒரு மிதி. மூன்று போய் ஒன்று திரும்புவதால் வளையம் மெதுவாக நகர்ந்தது.

நீலச் சட்டையை அவள் பின்னாலிருந்து பார்த்தாள். இடது தோளில் ஒரு கை இருந்தது. இரண்டு விரல் கீழே நான்கு விரல்கள், மேலே கட்டைவிரல். அவள் அளந்த இடத்தில், அளந்தபடி.

கையிலிருந்து முழங்கைக்கும் முழங்கையிலிருந்து முகத்துக்கும் போனாள். உருளைக்கிழங்குக்காரர். அறுபது வயதிருக்கும். மீசையில் மண். ஒரு காலைச் சரியாக ஊன்ற முடியவில்லை. ஒவ்வொரு மிதிக்கும் தன் உடம்பின் பாதியைக் கணவனின் தோளில் இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தார். மறுபக்கம் மீன்காரி. கை ஈரம் என்று விரல்களை மடக்கி, மணிக்கட்டை மட்டும் அவன் வலது தோளில் வைத்திருந்தாள்.

தையல்காரி ஒரு விளக்குத் தூணில் சாய்ந்துகொண்டாள். மெஷினை யார் தூக்குவது, எந்த வண்டியில் ஏற்றுவது என்றெல்லாம் ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்தாள். இப்போது அந்த யோசனைகளுக்கு வேலையில்லை.

பிறகுதான் அவன் காலைப் பார்த்தாள்.

எல்லோரும் மிதித்த பிறகு அவன் மிதித்தான். எல்லோரும் திரும்பும்போது அவன் மூன்றாவது அடியில் இருந்தான். முழங்காலை வேண்டாத உயரத்துக்குத் தூக்கினான், சேற்றிலிருந்து பிடுங்குவதுபோல. அந்த வளையத்திலேயே மோசமாக ஆடியவன் அவன்தான். நொண்டுகிற உருளைக்கிழங்குக்காரர்கூடத் தாளத்தில் நொண்டினார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கழுத்துத் துணியைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

கடித்த பிறகு ஞாபகம் வந்தது. நாத்தனாரின் கல்யாணம். மேசைகளைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு எல்லோரும் ஆடினார்கள். இவர்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். அவனும் ஆடினான், இதேபோல. "என்னங்க, கால்ல எறும்பு ஏறிடுச்சா?" என்று அவள் கூடத்துக்கே கேட்கும்படி கேட்டாள். கூடமே சிரித்தது. அவனும் சிரித்தான். போய் உட்கார்ந்து சாப்பிட்டான். அவள் அதை அன்றைக்கே மறந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவன் எங்கும் ஆடவில்லை. ரேடியோவில் பாட்டுப் போகும்போது எல்லோர் காலும் ஆடும், அவன் கால் ஆடாது. அது அவன் சுபாவம் என்று பதினெட்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு அவளைப் பார்த்தால் இதையும் விட்டுவிடுவான். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. சண்டை போடமாட்டான், ஒரு வார்த்தை சொல்லமாட்டான். அடுத்த சனிக்கிழமை எல்லோரும் ஆடப் போகும்போது கடையிலேயே நின்று பிடிகளைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

காதும் காதும் வைத்தாற்போலக் கிளம்பிவிடலாம் என்று திரும்பினாள்.

முட்டை விற்கிற பெண் அப்போதுதான் ஓடி வந்தாள். வந்த வேகத்தில் தையல்காரியின் கையைப் பிடித்தாள்.

"வாங்கக்கா, சேர்ந்து நுழைஞ்சிடலாம். ஒத்தையா நுழைஞ்சா இடிச்சுத் தள்ளிடுவாங்க."

"ஐயோ, நான் பட்டன் வாங்க வந்தவ."

"பட்டனுக்குக் கால் முளைச்சு ஓடிடுமா? வாங்க!"

இரண்டு தோள்களைப் பிரித்து நுழைந்தாயிற்று. அவள் கைகள் தோள்களில் இருந்தன. அவள் தோள்களில் கைகள் இருந்தன. அதற்குள் வளையம் நகர்ந்து, கணவன் நேர் எதிரே, பெட்டிகளுக்கு அந்தப் பக்கம் போயிருந்தான். வளையம் மொத்தமாக நகர்வதால் எதிரே இருப்பவர் எதிரேயே இருப்பார், பெட்டிகளும் நடுவிலேயே இருக்கும். அவன் தலை உச்சிகூடத் தெரியவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தாள்.

முதல் சுற்றில் முட்டைக்காரியின் காலை மிதித்தாள். இரண்டாவது சுற்றில் யாரையும் மிதிக்கவில்லை. மூன்றாவது சுற்றில் கால் தானாகப் போயிற்று. மூன்று, ஒன்று, மிதி. மிதிக்கும்போது நாற்பது பேரின் பாரமும் கல்லில் இறங்கித் தன் உள்ளங்காலில் ஏறுவது தெரிந்தது. பிடித்திருந்தது. நாற்பத்திரண்டு வயதில் இப்படி ஒன்று பிடிக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால், அவள் நம்பியிருக்கமாட்டாள்.

"என்னக்கா, பட்டன் வாங்க வந்த ஆளு இந்தப் போடு போடறீங்க! எங்க கத்துக்கிட்டீங்க?"

"எங்கயும் இல்ல."

"அப்ப பொறந்தப்பவே ஆடிக்கிட்டு வந்திருப்பீங்க. இன்னும் ஒரு சுத்து. அப்புறம் வெட்டு."

"வெட்டுன்னா?"

"வளையத்தை வெட்டி வரிசையாக்குவாங்க. வரிசை மடங்கித் திரும்பி வரும். எல்லாரும் எல்லாரையும் நேருக்கு நேர் பாத்துத் தலையாட்டிட்டுப் போகணும். அந்தக் கறிக்கடைக்காரரும் மீன்காரக்காவும் மத்த நேரம் முகம் கொடுத்துப் பேச மாட்டாங்க. இதுல மட்டும் தலையாட்டுவாங்க."

தையல்காரிக்கு ஒரு மிதி தப்பியது. "நான் இப்பவே போகணும்."

"நடுவுல போகக் கூடாதுக்கா. நீங்க போனா நான் ஒரு பக்கம் சாய்வேன், அவரு ஒரு பக்கம் சாய்வாரு. முட்டை விக்கிறவளைக் கீழே தள்ளின பாவம் உங்களுக்கு எதுக்கு?"

சாணைக்காரர் தலையை ஆட்டினார். யாரோ "வெட்டு!" என்று கத்தினார்கள். வளையம் ஓரிடத்தில் பிரிந்தது. பிரிந்த முனை பெட்டிகளைச் சுற்றி உள்ளே மடங்கியது. எதிர்வரிசை வர ஆரம்பித்தது. ஆப்பிள்காரர் தலையாட்டினார். காளான் விற்கும் பெண் தலையாட்டினாள். யாரென்றே தெரியாத ஒருவர் புருவத்தை மட்டும் ஆட்டினார். மீன்காரி வந்தாள்.

அவள் பின்னால் அவன் வந்தான்.

தையல்காரி வாயை இறுக மூடிக்கொண்டிருந்தாள். அவன் பார்த்தான். மூன்றாவது அடிக்குத் தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. உருளைக்கிழங்குக்காரர் அவன்மேல் மோதினார், அவர்மேல் பின்னால் வந்தவர் மோதினார். வரிசை மூட்டைபோல் குவிந்தது.

"என்ன பிடி, பொம்பளையைப் பாத்ததும் காலு மறந்து போச்சா?" என்று, சந்தையில் அவனுக்கு வைத்திருந்த பெயரைச் சொல்லி உருளைக்கிழங்குக்காரர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் ஒருத்திதான் சிரிக்கவில்லை.

அவன் கைகளை இரண்டு தோள்களிலிருந்தும் எடுத்தான். வரிசையிலிருந்து வெளியேறி நடந்தான்.

உருளைக்கிழங்குக்காரர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். மீன்காரி அவர் இடுப்புவாரைப் பிடித்து நிறுத்தினாள். ஆட்டம் மறுபடி நகர்ந்தது. அது முடிகிறவரை தையல்காரியால் வெளியே வர முடியவில்லை. முடிந்தபோது முட்டைக்காரி அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஓடினாள்.

*

அவன் கடையில் பிடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பட்டன் வாங்க வந்தேன்" என்றாள்.

"பட்டன் கடை முதல் வரிசையில."

"வழி தப்பிடுச்சு."

அவன் ஒரு கோடரிப் பிடியை எடுத்து, நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். பத்தொன்பது வருடமாக அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். பேசுவதற்கு வேறு வழி இல்லாதபோது அப்படிப் பார்ப்பான்.

"எத்தனை நாளா ஆடுறீங்க?"

"மூணு வருஷமா. இலை உதிர ஆரம்பிச்சா ஆடுவாங்க, அப்புறம் குளிர் முடியற வரைக்கும்."

"சொல்லவே இல்லையே."

அவன் கோடரிப் பிடியைத் துணியால் துடைத்தான்.

"நான் சிரிக்கல" என்றாள்.

"பாத்தேன். வாயைத் தைச்ச மாதிரி வச்சிருந்தே. அதுக்குச் சிரிச்சே தொலைச்சிருக்கலாம்."

ஒரு பெண்மணி விளக்குமாற்றுப் பிடி ஒன்றை வாங்கிக்கொண்டு போனாள். அவன் சில்லறை எண்ணிக் கொடுத்தான்.

"உங்களுக்குத் தாளம் தப்புதுங்க."

"தெரியும்."

"தெரியுமா?"

"எனக்குக் காது இருக்குல்ல? மூணு வருஷமா தப்புது. அவங்களுக்கும் தெரியும். யாரும் சொல்றதில்ல. நான் வந்தா ஒரு தோள் கூடுது. அவ்வளவுதான் அவங்களுக்கு." அவன் கோடரிப் பிடியைப் பீப்பாயில் நட்டான். "நான் வந்தப்புறம் இங்கேருந்து பாத்தேன், நீ நல்லா ஆடினே."

"சும்மா சொல்லாதீங்க."

"நான் எதுக்குச் சும்மா சொல்லப்போறேன்? கால் மணி நேரத்துல பிடிச்சிட்டே. நான் மூணு வருஷமா துரத்திக்கிட்டிருக்கேன்."

குரலில் குற்றச்சாட்டு இல்லை. மரம் ஈரமா காய்ந்ததா என்று சொல்வதுபோல் சொன்னான். அவள் ஒரு பிடியைத் தொட்டுப் பார்த்தாள். வழவழப்பாக இருந்தது.

"இனிமே போகமாட்டீங்களா?"

"பாக்கலாம்."

அவன் அகராதியில் பாக்கலாம் என்றால் மாட்டேன். அது அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.

பன்னிரண்டுக்கு மறுபடி டிரம் சத்தம் கேட்டது. உருளைக்கிழங்குக்காரர் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து எழுந்து நொண்டிக்கொண்டு வந்தார். அவருக்கு இதுவரை விவரம் ஒன்றும் தெரியாது.

"வா பிடி. இன்னிக்குக் குளிர் ஜாஸ்தி, ரெண்டாவது ஆட்டம் உண்டு. அப்படி நட்டநடுவுல விட்டுட்டுப் போனியே, மீன்காரம்மா பிடிக்கலேன்னா என் பல்லு கல்லுலதான் கிடந்திருக்கும்." அவளைப் பார்த்தார். "இந்தத் தங்கச்சி யாரு? அப்ப நல்லா ஆடினாங்களே, அவங்கதானே?"

"வீட்டுல" என்றான் அவன்.

"அடப்பாவி! வீட்டுல இப்படி ஒரு காலை வச்சுக்கிட்டா எங்களை மூணு வருஷமா மிதிச்சிக்கிட்டிருந்தே? வாங்க தங்கச்சி, நீங்களும் வாங்க. எனக்கு அந்தப் பக்கம் ஒரு தோள் தேவைப்படுது."

டிரம் வேகமெடுத்தது. கடைக்காரர்கள் அவரவர் கடையை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். மீன்காரி கையைத் துடைத்துக்கொண்டே போனாள். தையல்காரியின் உள்ளங்கால் சூடாகவே இருந்தது. போனால் மூன்றாவது சுற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, முதல் சுற்றிலேயே கால் போய்விடும்.

அவன் அவளைப் பார்த்தான்.

"எனக்குக் கால் வலிக்குது" என்றாள். "நீங்க போங்க. கடையை யாராவது பாத்துக்கணுமில்ல?"

அந்தச் சந்தையில் ஆட்டம் நடக்கும்போது யாரும் கடையைப் பார்த்துக்கொள்வதில்லை. அவன் அதைச் சொல்லவில்லை. உருளைக்கிழங்குக்காரர் சொல்ல வாயெடுத்தார். அவன் அவர் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனான்.

அவள் கடைக்குள் போய், ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள். மேசைமேல் கிடந்த துணியை எடுத்து, அவன் துடைத்த பிடிகளையே மறுபடி துடைத்தாள். பின்னால் அக்கார்டியன். மூன்று, ஒன்று, மிதி. ஒவ்வொரு மிதிக்கும் பீப்பாய்களில் பிடிகள் லேசாக அதிர்ந்தன. திரும்பவில்லை. கழுத்து வலித்தது, இருந்தும் திரும்பவில்லை.

ஒரு நடுத்தர வயதுக்காரர் இலை வாரும் வாரியின் இரும்புப் பல் பகுதியை மட்டும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தார். சந்தைக்குப் புதியவர்போல. எதிரே நின்று பையிலிருந்து அதை எடுத்தவர், அவள் தோளுக்கு மேலாக, கடைகளின் இடைவெளி வழியே ஆட்டத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். முகம் மலர்ந்தது.

"அங்க ஒருத்தர் ஆடுறதைப் பாருங்க! நீலச் சட்டை!"

"எப்படி ஆடுறாரு?"

"கால் ஒரு ஊருக்குப் போகுது, தாளம் ஒரு ஊருக்குப் போகுது." அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நீங்களே திரும்பிப் பாருங்களேன்."

"நிறுத்திட்டாரா?"

"நிறுத்தறதா? அவரு எங்க நிறுத்தப்போறாரு? ஆடிக்கிட்டேதான் இருக்காரு."

அவள் இரும்பை அவர் கையிலிருந்து வாங்கி, பிடி செருகும் துளையில் விரலை விட்டு அளவு பார்த்தாள்.

"பிடி உங்க உயரத்துக்கா, வேற யாருக்குமா?" என்று கேட்டாள்.